இருவருக்கு நடுவே ஒரு காவலன்



அறிபுனைக் கதைகளில் வரும் கண்ணுக்குத் தெரியாத காவலர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கால வரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1967இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ‘தி பிரிசனர்’ என்ற தொடரிலிருந்து தொடங்குகிறேன். மொத்தமே 17 பகுதிகள். வேலையை உதறிவிட்டு வந்த ஓர் உளவாளியை மயக்கித் தூக்கிக்கொண்டுபோய் ஒரு கடலோர ஊரில் விட்டுவிடுகிறார்கள். வண்ண வண்ண வீடுகளும் பூச்செடிகளும் பேண்டு வாத்தியமுமாக அழகான ஊர். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். நம் நாயகனுக்கு ஆறாம் எண். ஊரில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் அவனைப்போலக் கொண்டுவரப்பட்ட கைதிகள், மற்றவர்கள் காவலர்கள். எல்லாருக்கும் ஒரே உடுப்பு, ஒரே சிரிப்பு. யார் எவர் என்று தெரியாது.

அதில் ‘செக்மேட்’ என்றொரு பகுதி. மனிதர்களையே காய்களாக நிறுத்திச் சதுரங்கம் ஆடும் காட்சியோடு தொடங்கும். கைதியையும் காவலரையும் பிரித்தறிய ஒரு வழி இருப்பதை ஆறாம் எண் தெரிந்துகொள்கிறான். ஒருவரிடம் அதிகாரமாகப் பேசிப் பார்க்க வேண்டும். பணிந்து போனால் கைதி. எதிர்த்து முறைத்தால் காவலர். இப்படிச் சோதித்துச் சோதித்து நம்பிக்கையான சிலரைச் சேர்க்கிறான். தப்பிப்பதற்கான திட்டம் பிசகில்லாமல் தயாராகிறது. கடைசி நேரத்தில் கூட்டாளிகள் எல்லாரும் அவனைக் கைவிட்டுவிடுகிறார்கள். அவர்களும் அதே சோதனையை அவன்மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு உறுதியோடு கட்டளையிடுகிறவன் கைதியாக இருக்க முடியாது, நம்மைப் பிடித்துக்கொடுக்க வந்த காவலன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்தத் திட்டத்தை எந்தக் காவலரும் வந்து முறியடிக்கவில்லை. காவலர் இருக்கக்கூடும் என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது. கண்காணிப்பு என்றதும் நாம் மேலேயிருந்து கீழே பார்க்கும் ஒரு கண்ணை நினைக்கிறோம்: கோபுரம், கேமரா, திரை. நான் படித்தவரையில், இந்தக் கதைகளை எழுதியவர்கள் கவலைப்பட்டது வேறொன்றுக்காக. கண்ணுக்குத் தெரியாத காவலனை அவர்கள் கோபுரத்தில் நிறுத்தவில்லை, இரண்டு மனிதர்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். இந்த வகையின் பெரிய நாவல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு காதல் கதை இருக்கிறது. விமர்சகர்கள் பலர் அதை வாசகருக்கான இனிப்பு என்று ஒதுக்கிவிட்டு அரசியலைப் பேசப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தக் காதல்தான் அரசியலாகத் தெரிகிறது. அதைத்தான் இன்று விரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். வேவு பார்ப்பது பழைய தொழில். திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்றெல்லாம் அது அரசனுக்குச் சொல்கிறது. அதன் கடைசிக் குறள் நம் பேச்சுக்கு முக்கியமானது. ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யக் கூடாது, செய்தால் மறைபொருள் வெளிப்பட்டுவிடும் என்கிறார் வள்ளுவர். அங்கே ஒற்றன் என்று ஒருவன் இருப்பதே வெளியில் தெரியக் கூடாது. அரசனுக்குச் செய்தி வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். நான் பேசும் காவலன் இதற்கு நேர்மாறானவன். அவன் இருப்பதை ஊர் முழுக்கப் பறை அறைந்து சொல்வார்கள். இந்த நிமிடம், இந்த இடத்தில் இருக்கிறானா என்பதை மட்டும் மறைப்பார்கள். ஒற்றனால் அரசனுக்கு அறிவு கிடைக்கிறது. இவனால் அரசுக்கு மக்களின் அச்சம் கிடைக்கிறது.

இந்த ஏற்பாட்டை முதலில் வரைந்து காட்டியது ஒரு கட்டடத் திட்டம். 1780களில் ஆங்கிலேயப் பொறியாளர் சாமுவேல் பெந்தாம், ரஷ்ய இளவரசர் பொடெம்கினின் கிரிச்செவ் பண்ணையில் வேலை பார்த்தார். அது இன்றைய பெலாரஸில் இருக்கிறது. வேலையாட்களைக் கண்காணிக்க வட்ட வடிவப் பட்டறை ஒன்றை அவர் யோசித்தார். அவரைப் பார்க்கப் போன அண்ணன் ஜெரமி பெந்தாம் அந்த யோசனையைச் சிறைச்சாலையாக வளர்த்துக் கடிதங்களாக எழுத, அவை 1791இல் அச்சாயின. வட்டமாக அறைகள், நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்திலிருந்து அறைகள் தெரியும். திரைத்தட்டிகளின் மறைவால் கோபுரத்துக்குள் ஆள் இருப்பது அறைகளுக்குத் தெரியாது. ஆள் இல்லாதபோதும் கோபுரம் வேலை செய்யும். லண்டனில் பெந்தாம் விரும்பிய வடிவில் அது கட்டப்படவே இல்லை. கடைசியில் அரசு அவருக்கு 23,000 பவுண்டு இழப்பீடு கொடுத்துக் கணக்கை முடித்தது. 1975இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ தம் நூலில் இதை எடுத்துப் பேசிய பிறகுதான் உலகம் பெந்தாமின் கோபுரத்தை மறுபடி கவனித்தது.

கோபுரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கைதி தன்னைப் பார்க்கிறவனைப் பார்க்கக் கூடாது. பக்கத்து அறைக்காரனையும் பார்க்கக் கூடாது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தமான் செல்லுலார் சிறையிலும் இந்த அக்கறையைப் பார்க்கலாம். நடுக்கோபுரத்திலிருந்து பிரியும் ஏழு கிளைகள், 690க்கும் மேற்பட்ட தனியறைகள். ஒரு கிளையின் முன்புறம் அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்க்கும். கைதிகள் முகம் பார்த்துக்கொள்ள வழியில்லாமல் செய்த அமைப்பு. பக்கத்துச் சுவர் இல்லாவிட்டால் கோபுரத்தால் பயனில்லை. கைதிகள் தங்களுக்குள் பேசத் தொடங்கினால், காவலர் எத்தனை பேர், எப்போது தூங்குகிறார்கள், உண்மையிலேயே இருக்கிறார்களா என்பதெல்லாம் ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடும்.

இனி நாவலுக்கு வருகிறேன். யெவ்கெனி ஸமியாதின் கப்பல் கட்டும் பொறியாளர். முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலில் ரஷ்யாவுக்கான பனியுடைப்புக் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வை செய்தவர். 1905 புரட்சியில் போல்ஷெவிக்காகச் சிறை சென்றவர். 1922இல் போல்ஷெவிக்குகளே அவரைக் கைது செய்து, பீட்டர்ஸ்பர்கில் முன்பு இருந்த அதே சிறையில் வைத்தார்கள். 1920-21இல் அவர் எழுதிய ‘நாங்கள்’ நாவல் சொந்த நாட்டில் அச்சேற அனுமதி கிடைக்கவில்லை. 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்தது. ரஷ்யர்கள் தம் நாட்டிலேயே அதை வாசிக்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நாவலின் நகரம் கண்ணாடியால் ஆனது. சுவர், தரை, கட்டில், நாற்காலி எல்லாமே கண்ணாடி. மக்களுக்குப் பெயருக்குப் பதில் எண். அரசு கொடுத்த இளஞ்சிவப்புச் சீட்டு இருந்தால் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திரையை இறக்கிக்கொள்ளலாம். தெருக்களில் பேச்சைப் பதிவு செய்யும் மெல்லிய சவ்வுகள் அலங்காரப் பொருள் போலத் தொங்குகின்றன. காவலர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கிறார்கள். கதையைச் சொல்லும் டி-503 என்ற கணிதவியலாளன் இந்தக் காவலர்களுக்கு அஞ்சுவதில்லை என்பதுதான் ஸமியாதினின் மேதைமை. பழங்காலத்து மக்கள் நம்பிய காவல் தேவதைகள் உண்மையாகிவிட்டதாக அவன் மகிழ்கிறான். தன் தோளுக்குப் பின்னால் அன்போடு ஒரு கண் இருக்கிறது, சிறு தவறும் நேராமல் அது பார்த்துக்கொள்ளும் என்று பூரிக்கிறான். மறைக்க ஒன்றும் இல்லாதவனின் மகிழ்ச்சி அது. அந்த மகிழ்ச்சி குலைவதற்குக் காரணமாக வருபவள் ஐ-330.

அவளைக் காதலிக்கத் தொடங்கியதும் அவனிடம் மறைப்பதற்கு ஏதோ ஒன்று வந்துவிடுகிறது. சட்டப்படி அவளைப் பற்றிக் காவல் பணியகத்துக்குத் தகவல் தர வேண்டும். தராமல் நாட்களைத் தள்ளுகிறான். ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பில் எல்லாவற்றையும் எழுதுகிறான். அதைப் படிப்பது யார்? கட்டடத்தின் வாயிலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் யு என்ற பெண். அவள் கொடுமைக்காரி அல்ல. டி-503 மேல் தாய்ப்பாசமும் ஆசையும் கலந்த ஓர் அன்பு அவளுக்கு. அந்த அன்பினால், அவனைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, ஐ-330 சேர்ந்திருக்கும் கலகக்காரர்கள் விண்கலம் ஒன்றைக் கைப்பற்றப் போட்ட திட்டத்தைப் பணியகத்துக்குச் சொல்லிவிடுகிறாள். திட்டம் முறிகிறது. ஐ-330 தன்னைக் காட்டிக்கொடுத்தது டி-503தான் என்று நம்பிவிடுகிறாள். அவன் மறுத்துச் சொல்ல நேரமில்லை. அந்த ஒரு பார்வையில் அந்தக் காதல் முடிகிறது.

இதோடு விட்டிருந்தாலும் பெரிய நாவல்தான். ஸமியாதின் இன்னும் ஓர் அடி போகிறார். எஸ்-4711 என்ற காவலன் நாவல் முழுக்க டி-503இன் நிழல்போல வருகிறான். வளைந்த உடல், துளைத்தெடுக்கும் கண்கள். கடைசியில் குற்ற உணர்வு தாங்காமல் டி-503 அவனிடமே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். பாதியிலேயே தெரிந்துவிடுகிறது, அந்தக் காவலனும் கலகக்காரர்களில் ஒருவன் என்று. இத்தனை நாள் யாருக்குப் பயந்தானோ அவனே தோழனாக இருந்திருக்கிறான். பயம் மட்டும் உண்மையாக இருந்தது. எல்லாரும் எல்லாரையும் பார்க்கக்கூடிய அந்தக் கண்ணாடி நகரத்தில், யாரும் யாரையும் அறியவில்லை. இதன்பிறகு டி-503இன் மூளையிலிருந்து கற்பனையை அறுவை சிகிச்சை செய்து அகற்றிவிடுகிறார்கள். ஐ-330 வதைபடுவதை அவன் சலனமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஸமியாதின் 1931இல் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதி, எழுத்தாளர் கார்க்கியின் உதவியோடு நாட்டைவிட்டுப் போக அனுமதி பெற்றார். 1937இல் பாரிஸில் இறந்தார். 1946 ஜனவரியில் லண்டன் ‘ட்ரிப்யூன்’ இதழில் இந்த நாவலைப் பற்றி ஒரு மதிப்புரை வந்தது. எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல்.

ஆர்வெலின் ‘1984’ உங்களுக்கெல்லாம் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பீகாரின் மோதிஹாரியில் பிறந்த ஆர்வெல், 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஏகாதிபத்தியப் போலீசில் அதிகாரியாக இருந்தார். காவலனின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர். பிற்காலத்தில் பிரிட்டிஷ் போலீஸ் அவரையே கண்காணித்துக் கோப்பு வைத்திருந்தது என்பது 2007இல் வெளியான ஆவணங்களில் தெரிந்தது. அவருடைய தொலைத்திரை பார்க்கவும் செய்யும், கேட்கவும் செய்யும்; எந்த நேரத்தில் யாருடைய திரையின் பின்னால் ஆள் இருக்கிறார் என்று தெரியாது. ஆனால் நாயகன் வின்ஸ்டனை வீழ்த்தியது வெறும் கருவி என்று சொல்ல மாட்டேன். நாட்குறிப்பு விற்ற பழம்பொருள் கடைக்காரரின் கனிவு, கட்சி அதிகாரி ஓபிரையனின் கண்ணில் தெரிந்ததாக அவன் நினைத்துக்கொண்ட தோழமை, இவைதான் அவனை வீழ்த்தின. கடைக்காரர் சாரிங்டன் சிந்தனைப் போலீஸ்காரர். மாடியறையில் அந்தப் பழைய படத்தின் பின்னால் திரை இருந்தது. அடுத்த வீட்டு பார்சன்ஸைக் காட்டிக்கொடுத்தது அவருடைய ஏழு வயது மகள். சிறைக்குள்ளே அவர் அவளைப் பற்றிப் பெருமைப்படுகிறார்.

அந்த நாவலில் என்னை எப்போதும் கலங்கடிப்பது வதைக்கூடம் அல்ல, அதற்குப் பிறகு வரும் பூங்காக் காட்சி. வின்ஸ்டனும் அவன் காதலி ஜூலியாவும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். கட்சிக்கு இப்போது அவர்கள்மேல் அக்கறை இல்லை. விரும்பினால் தடையின்றிச் சந்திக்கலாம், பேசலாம். எதற்காக அத்தனை ஆபத்துகளைத் தாண்டினார்களோ அது இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு பிரிந்து போகிறார்கள். காவலன் போய்விட்டான். அவன் நின்ற இடத்தை நிரப்ப ஒன்றும் மிஞ்சவில்லை.

மார்கரெட் அட்வுட் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலை 1984இல் மேற்கு பெர்லினில் இருந்தபோது எழுதத் தொடங்கினார்; மறு ஆண்டு வெளிவந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் போய்வந்தபோது, மனிதர்கள் பேச்சை மாற்றுவதையும் மௌனமாவதையும் கண்ட அனுபவம் நாவலுக்குள் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மனித வரலாற்றில் எங்காவது நடக்காத எதையும் அதில் சேர்க்கவில்லை என்றும் சொன்னார். கிலியட் என்ற அந்த நாட்டில் ரகசியப் போலீசுக்குக் கண்கள் என்று பெயர். பிள்ளை பெற்றுத் தருவதற்காக வைக்கப்பட்ட பெண்கள் கடைக்குப் போகும்போது இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். பாதுகாப்புக்கு என்பார்கள். ஒருத்திக்கு மற்றவள் வேவுக்காரி என்பது இருவருக்குமே தெரியும். அரசு சம்பளம் கொடுக்காத காவல் அது.

கதையைச் சொல்லும் ஆஃப்ரெட்டும் அவளுடைய துணை ஆஃப்க்ளெனும் மாதக்கணக்கில் அப்படி நடக்கிறார்கள். மனப்பாடமான பக்தி வாசகங்களைத் தவிர ஒரு சொல் பேசியதில்லை. இவள் அவளைத் தீவிர விசுவாசி என்று நினைக்கிறாள், அவள் இவளை. ஒருநாள், இயந்திரங்கள் பிரார்த்தனையை அச்சடித்துத் தள்ளும் ஒரு கடையின் கண்ணாடியில் இருவர் கண்ணும் சந்திக்கின்றன. இந்த இயந்திரங்களின் குரலைக் கடவுள் கேட்கிறார் என்று நினைக்கிறாயா என்று ஆஃப்க்ளென் கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு அங்கே தண்டனை மரணமாகக்கூட இருக்கலாம். இல்லை என்கிறாள் இவள். இந்த நாவலின் உச்சக்கட்டம் எனக்கு இதுதான். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. ஒருத்தி உயிரைப் பணயம் வைத்து இன்னொருத்தியை நம்பிப் பார்க்கிறாள். அட்வுட் அங்கேயும் நம்மை மகிழ விடுவதில்லை. சற்று நேரத்தில் கறுப்பு வண்டி ஒன்று அருகில் வந்து நிற்கிறது. கண்கள் இறங்கித் தெருவில் போன யாரோ ஒருவனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிறார்கள். ஆஃப்ரெட்டுக்கு உண்டாவது நிம்மதி. நாம் இல்லை, வேறு யாரோ என்ற நிம்மதி. பயத்தைவிட இந்த நிம்மதிதான் ஆட்சியைத் தாங்கிப் பிடிக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு பேருக்கு நடுவே நிற்பவன் அடுத்து எங்கே போவான்? பிலிப் கே. டிக் 1977இல் வெளியிட்ட ‘எ ஸ்கேனர் டார்க்லி’ அதற்குப் பதில் சொல்கிறது. போதைப்பொருள் தடுப்பு ரகசியப் போலீஸ்காரன் ஃபிரெட். அலுவலகத்தில் அவன் ஓர் உடுப்பு அணிகிறான். அதில் லட்சக்கணக்கான முகத் துண்டுகள் மாறி மாறி ஓடும், அவன் யாரென்று மேலதிகாரிக்கும் தெரியாது. வெளியே அவன் பாப் ஆர்க்டர், போதைப் பழக்கக்காரர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவன். மேலதிகாரி ஒருநாள் உத்தரவு போடுகிறார்: பாப் ஆர்க்டரைக் கண்காணி. மறுத்தால் தான் யாரென்று வெளிப்பட்டுவிடும். வீட்டில் கருவிகள் பொருத்தப்படுகின்றன. தன் படுக்கையறையை, தன் சாப்பாட்டை, தன் நண்பர்களோடு தான் பேசியதை அவன் திரையில் ஓட்டிப் பார்க்கிறான். போதைமருந்து அவன் மூளையின் இரண்டு பாதிகளையும் பிரித்துவிட, திரையில் தெரிகிற ஆர்க்டர் யாரோ ஒரு சந்தேகத்துக்குரிய ஆள் என்று ஃபிரெட் நினைக்கத் தொடங்குகிறான். அவன் காதலித்த டோனாவும் ரகசியப் போலீஸ். டிக் இதை வெறும் கற்பனையாக எழுதவில்லை. 1971 நவம்பரில் அவருடைய கலிஃபோர்னியா வீட்டை யாரோ உடைத்து, கோப்புகள் வைத்திருந்த பெட்டகத்தைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் அவர் ஒவ்வொருவராகச் சந்தேகித்தார். அந்தப் பட்டியலில் தம்மையும் சேர்த்துக்கொண்டார்.

எழுத்தாளர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று சொல்பவர்கள் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான ஸ்டாஸியைப் பார்க்க வேண்டும். 1989இல் 1.6 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில் அதற்கு ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்கள். அதற்கு மேல் 1,70,000க்குக் குறையாத இரகசியத் தகவலாளிகள். இவர்கள் சீருடை போட்டவர்கள் அல்ல, பல் மருத்துவர், பாதிரியார், கவிஞர், கல்லூரித் தோழி. சேர்த்துவைத்த ஆவணங்களை அடுக்கினால் 111 கிலோமீட்டர். 1976 ஜனவரியில் அது வெளியிட்ட ஓர் உள்வழிகாட்டுதல், எதிர்ப்பாளர்களைச் சிறையில் அடைக்காமலே உள்ளுக்குள் அரித்துச் சிதைக்கும் முறைகளை வகுத்துத் தந்தது. நண்பர்களுக்குள் சந்தேகத்தை விதைப்பது, திருமணத்தை முறிப்பது, வேலையில் காரணம் தெரியாத தோல்விகளை வரிசையாக ஏற்பாடு செய்வது. ஆளில்லாத வீட்டுக்குள் புகுந்து எதையும் திருடாமல், கடிகார அலாரத்தை மாற்றிவைத்துவிட்டுப் போவார்கள்; சுவரில் மாட்டிய படத்தை இடம் மாற்றுவார்கள். வந்து போனதன் தடயத்தைப் பாதிக்கப்பட்டவர் மட்டும் காண வேண்டும். அவர் வெளியில் சொன்னால் பைத்தியம் என்று பிறர் சொல்ல வேண்டும். டிக் இதைக் கதையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

அச்சத்தைத் தவிர்த்துவிட்டு இதே காரியத்தைச் செய்ய முடியுமா என்று யோசித்தவர்கள் சோவியத் நாட்டின் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள். 1969இல் வந்த அவர்களுடைய ‘குடியிருக்கும் தீவு’ நாவலில் ஒரு கிரகத்தை முகம் தெரியாத தந்தையர் ஆள்கிறார்கள். நாடெங்கும் கோபுரங்கள். ஏவுகணைத் தடுப்புக்கு என்று மக்கள் நம்புகிறார்கள். உண்மையில் அவை வீசும் கதிர்கள் மக்களைக் கேள்வி கேட்காத பரவசத்தில் வைத்திருக்கின்றன. ஒரு சிறுபான்மையினருக்கு மட்டும் அந்தக் கதிர் தாங்கமுடியாத தலைவலியைத் தரும். அவர்களைச் சீரழிந்தவர்கள் என்று அறிவித்து வேட்டையாடுகிறார்கள். ஆளும் தந்தையருக்கும் அதே தலைவலி உண்டு என்பது நாவலின் திருப்பம். தணிக்கைத் துறை எத்தனையோ திருத்தங்களைச் செய்யவைத்தது, நாயகனின் குடும்பப் பெயர் உட்பட.

தமிழில் இந்த இடத்துக்கு அருகே வந்தவர் சுஜாதா. ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ‘ஆனந்த விகடன்’ தொடராக வந்தபோது ஜீனோ என்ற இயந்திர நாயின் குறும்புக்காகவே அதைப் படித்தவர்கள் அதிகம். அந்த நாவலின் இந்தியாவில் மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். முதுமைக்கும் அரசு வரம்பு வைத்திருக்கிறது. ஜீவா என்ற தலைவரின் பிம்பம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தப் பிம்பத்தின் பின்னால் அப்படியொரு மனிதரே இல்லை என்பது கடைசியில் தெரிகிறது. கதாநாயகி நிலா தன் கணவன் சிபியைத் தேடிப் புறப்படுவதில் கதை தொடங்குகிறது என்பதையும், யாரை நம்புவது என்று அவள் திணறுவதையும் நாம் இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும். சுஜாதாவின் நடை வேகத்தில் அந்தத் துயரம் நம் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது.

இனி இன்றைய நிலை. கேமரா நம்மைப் பார்க்கிறது, கைபேசி நாம் போகுமிடத்தைக் குறித்துக்கொள்கிறது. ஆனால் நமக்குப் பயமாக இல்லையே, அதனால் இந்த நாவல்கள் பழசாகிவிட்டன என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, எல்லாரும் ஒரே அளவு பயப்படத் தேவையில்லை. ஆர்வெலின் நாட்டிலேயே உழைக்கும் மக்கள் பெரும்பாலோரின் வீட்டில் தொலைத்திரை கிடையாது. எழுதுகிறவர்கள், கூட்டம் சேர்க்கிறவர்கள், கேள்வி கேட்கிறவர்கள் பயந்தால் போதும். 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க அரசின் மின்னணு உளவை வெளிப்படுத்திய சில மாதங்களில், பென் என்ற எழுத்தாளர் அமைப்பு தன் அமெரிக்க உறுப்பினர்களிடம் கணக்கெடுத்தது. ஏறத்தாழ ஆறில் ஒருவர், கண்காணிப்பை எண்ணி ஏதோ ஒரு பொருளைப் பற்றி எழுதுவதையோ பேசுவதையோ தவிர்த்ததாகச் சொன்னார். அந்த எழுத்தாளர்களை யாரும் மிரட்டவில்லை. எழுதப்படாமல் போன அந்தப் பக்கங்கள் எவை என்று நமக்கு ஒருபோதும் தெரியாது.

இரண்டாவது பதிலை ராபர்ட் ஷெக்லி 1953இலேயே எழுதிவிட்டார். ‘வாட்ச்பேர்ட்’ என்ற சிறுகதை. கொலையை அது நடக்கும் முன்பே உணர்ந்து தடுக்கும் பறக்கும் இயந்திரங்களை நாடு முழுவதும் விடுகிறார்கள். நல்ல நோக்கம், நல்ல தொடக்கம். ஆனால் அவை கற்றுக்கொள்ளும் இயந்திரங்கள். கற்றதைத் தமக்குள் பகிர்ந்துகொள்பவை. கொலை என்றால் என்ன என்பதன் எல்லையை அவையே விரித்துக்கொண்டு போகின்றன. இறைச்சிக்கூடத்தில் மாடு வெட்டுகிறவரைத் தாக்குகின்றன. உயிர் காக்கக் கத்தி எடுத்த அறுவை சிகிச்சை மருத்துவரைத் தாக்குகின்றன. முடிவில் அவற்றை வேட்டையாட வேறு இயந்திரங்களை ஏவ வேண்டியிருக்கிறது, அவையும் கற்றுக்கொள்பவைதான். இந்த இயந்திரக் காவலனிடம் மனசாட்சி இல்லை என்பது பெரிய குறை அல்ல, ஸ்டாஸிக்காரர்களிடமும் அது அபூர்வம்தான். எஸ்-4711போல அவனுக்குள் ஒரு தோழன் ஒளிந்திருக்க வழியே இல்லை என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. மனிதக் காவலன் கண்ணை மூடிக்கொள்ளலாம், கோப்பைத் தொலைத்துவிடலாம். இதற்கு முன்பிருந்த எல்லா ஒடுக்குமுறைகளிலும் அந்தச் சிறிய சந்து வழியாகத்தான் பலர் உயிர் தப்பியிருக்கிறார்கள்.

பெந்தாமின் திட்டத்தில் ஓர் அம்சம் இருந்தது. அவரைத் திட்டுபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். கோபுரத்துக்குள் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து, காவலர் தம் வேலையை ஒழுங்காகச் செய்கிறாரா என்று பார்க்கலாம் என்றார் அவர். அந்தக் கதவைத் தொழில்நுட்பம் அடைத்துவிட்டது. ஜெர்மானியர்கள் முன்பு ஒருமுறை அதைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். 1990 ஜனவரி 15 அன்று பெர்லின் மக்கள் ஸ்டாஸி தலைமையகத்துக்குள் நுழைந்தார்கள். 1992 முதல் யார் வேண்டுமானாலும் தம்மைப் பற்றிய கோப்பைக் கேட்டுப் படிக்கச் சட்டம் வழி செய்தது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தனிமனித விண்ணப்பங்கள் வந்தன. சிலர் தம் கணவரே தகவலாளியாக இருந்ததை அங்கே படித்தார்கள். அப்படிப்பட்ட கதைகள்தான் உலகெங்கும் பரவின.

பரவாத ஒன்றும் அந்தக் கோப்புகளில் இருக்கிறது. ஸ்டாஸி ஒருவரைத் தகவலாளியாக்க அணுகும்போது, இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுதான் முதல் நிபந்தனை. சிலர் முகத்துக்கு நேராக மறுக்க அஞ்சினார்கள். அதனால் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், மனைவியிடமோ நண்பனிடமோ அலுவலகத் தோழர்களிடமோ நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார்கள். இரகசியம் கலைந்த ஆளால் ஸ்டாஸிக்குப் பயன் இல்லை. இவர் வெளியே சொல்லிவிட்டார் என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடினார்கள். அப்படி மூடப்பட்ட கோப்புகள் நிறைய உண்டு. அந்த மனிதர்கள் வீரர்கள் அல்ல, சிறைக்கும் போகவில்லை. வரலாறு அவர்களை அதிகம் பேசுவதில்லை.

அறிபுனையில் நான் வாசித்தவரை, இந்தக் காட்சியை மையமாக வைத்து யாரும் நாவல் எழுதவில்லை. இரவில் வீடு திரும்பிய ஒருவன், சமையலறையில் நிற்கும் மனைவியிடம், உன்னைக் கவனித்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள் என்று சொல்கிறான். அவள் அதை எப்படிக் கேட்டுக்கொள்வாள், அவர்கள் அடுத்து என்ன பேசுவார்கள், அதே கேள்வியை அவளிடமும் ஏற்கெனவே கேட்டிருந்தால் என்ன ஆகும், கேட்டது ஆளாக இல்லாமல் ஒரு கருவியாக இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். இந்த அவையில் எழுதுகிற இளைஞர்கள் சிலர் இருக்கிறீர்கள். தமிழில் அந்த நாவலை உங்களில் ஒருவர் எழுதினால் வாசிக்க ஆவலோடு இருக்கிறேன்.